சைலன்சருக்கு வந்த பவிசு

துருப்பிடித்துக் கிடந்த சைலன்சர் குழாயின் வாயை, கார்க்காரர் வீட்டு வாசலிலேயே உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று வெள்ளி பெயிண்ட் அடித்தார்.

மறுநாள் வண்டி கிளம்பியதுமே குழாய் என்ஜினை அதட்டியது. "ஏய், இந்தப் பக்கம் புகை விடாதே! பெயிண்ட் கறுத்துடும்."

"வேற எந்தப் பக்கம் விடறது? உன் வேலையே அதுதானே?" என்றது என்ஜின்.

"அது நேத்து வரைக்கும். இன்னிக்கு என் மூஞ்சியைப் பார்த்தியா?" என்று வாயை இறுக மூடிக்கொண்டது குழாய்.

என்ஜின் இருமியது, திணறியது, நடுரோட்டில் உயிரை விட்டது. டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்து, காரின் பின்னால் குனிந்து மூச்சு வாங்கத் தள்ளினார்கள்.

குழாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செத்துக் கிடந்த என்ஜினிடம் சொன்னது: "பார்த்தியா, என் முன்னால எல்லாரும் எப்படிக் குனியறாங்க!"