கூடாரத்து வாசம்

ஜெர்மனியின் பிரேமன் நகரில் தனியாகக் குடியிருந்த தீஸ், வாசல் மணி அடித்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஓடினான். உள்ளே, செடி வளர்க்கும் சின்னக் கூடாரத்தில் அவனுடைய கஞ்சாச் செடிகள் பூத்திருந்தன.

வாசலில் அம்மா, பெரிய பையோடு.

"வாசம் வருதாடா?"

தீஸ் வழியை மறித்து நின்றான். "பக்கத்து வீட்லேர்ந்தா இருக்கும்மா."

"இல்லடா, இதுலேர்ந்து." பையைத் திறந்தாள். பூத்த கஞ்சாச் செடி. "தானாப் பூக்கிற ரகம். ஆளுக்கு மூணுதான் சட்டம். எப்படியும் ஒண்ணு முளைக்காமப் போகும்னு நாலு விதை போட்டேன், நாலும் வந்துடுச்சு. பிடுங்க மனசு வரல. பயமா இருக்குடா, இதை நீ வச்சுக்கோ."

தீஸ் அவளை உள்ளே கூட்டிப்போய்க் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தான்.

அம்மா எண்ணினாள். "நீயும் நாலா?"

"தக்காளி நடும்போது, ஒரு விதை கூடப் போடணும்னு நீதானேம்மா சொன்ன?"