புகை விடாத ஊழியர்

"இந்த வேலைக்கு உங்களை விட்டா வேற ஆள் கிடையாது. மேடத்தையும் கூட்டிட்டு இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துடுங்க," என்றார் மேலாளர்.

கொள்முதல் அதிகாரி அரை மனதாகத் தலையாட்டினார்.

பின் தெருவிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்து மேலாளரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டுவிட்டார். இந்தக் கம்பெனியின் ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒன்று போன வாரம் ஒரு நாள் அவர் வீட்டு வாசலை மறித்து நின்றிருக்கிறது. அன்றைக்கென்று பார்த்து மாமனாருக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் நெருங்க வழியில்லாமல், பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடியிருக்கிறார்கள்.

"நம்ம ஆபீஸ்லதான் யாருமே கார்ல வர்றதில்லையே! அப்ப யாரோ பொய் சொல்றாங்க," என்றார் மேலாளர். "நம்பரை மட்டும் எடுத்துட்டு வாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கம்பெனி விடும் புகையை அளந்து குறைப்பதுதான் கார்பன் மேடத்தின் வேலை. மின்சாரம், ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல், சரக்கு லாரி என்று ஒன்றையும் விடாமல் கணக்கில் சேர்த்தவர், ஊழியர்கள் எதில் வந்து போகிறார்கள் என்பதையும் கடைசியில் சேர்த்துவிட்டார். அவரே பஸ் பாஸை அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு நடமாடும்போது மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? ஆளாளுக்கு பஸ், சைக்கிள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கணக்கில் புகை கிடுகிடுவென்று குறைந்தது. கார் நிறுத்திய இடம் பூந்தோட்டமானது. 'புகை விடாத ஊழியர்' என்று கொள்முதல் அதிகாரிக்கு ஒரு கோப்பையும் கிடைத்தது.

சைக்கிளில்தான் வந்தார் மனிதர், முதல் மாதம் வரைக்கும். அப்புறம் முழங்கால் மக்கர் செய்தது. இப்போதெல்லாம் காரைப் பின் தெருவில் போட்டுவிட்டு, டிக்கியிலிருந்து மடக்கு சைக்கிளை எடுத்து விரித்து, நெற்றியில் வியர்வைக்காகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்க கேட்டுக்குள் நுழைவார். வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடிப்பார். வீட்டில் மகளோ அந்தக் கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா புராணம் பாடிக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்குப் போலாமா சார்? மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார் மேடம், படி இறங்கும்போதே.

வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை.

"மேனேஜர் இப்பவேன்னு சொல்லிட்டாரே மேடம்."

"அப்ப ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்."

காபியை ஆற அமரக் குடித்தார் மேடம். காலி டம்ளரையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். தெரு முனை வந்ததும் மறுபடி நின்றார்.

"சார், அங்க நிக்கறதெல்லாம் அந்தத் தெரு ஆளுங்க காராத்தான் இருக்கும். போய்ப் பாத்தோம், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடலாமே. பாவம், யாரோட மானத்தையோ நாம எதுக்கு வாங்கணும்?"

சொல்லும்போது அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கொள்முதல் அதிகாரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மேடத்துக்கு எல்லாம் தெரியும். தன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல்தான் இந்த மழை, இந்தக் காபி எல்லாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பெருந்தன்மைதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது. நாற்காலியில் ஆடி ஆடிப் போன அந்தப் பெரியவர் வேறு கண்ணுக்குள் வந்து நின்றார்.

விடுவிடுவென்று தெருவுக்குள் நடந்தார். மேடம் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார். வீட்டுக்கார அம்மா கேட்டருகே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"மேடம், நீங்க எனக்காக இவ்வளவு பாக்கறீங்க, எனக்குத்தான் வெக்கமா இருக்கு," என்றார் கொள்முதல் அதிகாரி. "அதோ, அந்தச் சாம்பல் கலர் கார் என்னோடது. தினமும் அதுலதான் வர்றேன். சைக்கிள் டிக்கிக்குள்ள வருது. கோப்பைய நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். என் பொண்ணு மூஞ்சிய எப்படிப் பாக்கப் போறேன்னுதான் தெரியல."

பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. நான் செஞ்சது பெரிய தப்பு. பெரியவர் இப்ப எப்படி இருக்கார்?"

"இப்பத் தேவலை. வீட்டுக்கு வந்துட்டார்," என்ற அந்த அம்மா, சாம்பல் காரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனா, இது இல்லீங்களே! இது எப்பவும் ஓரமாத்தான் நிக்கும். அன்னிக்கு வாசலை மறிச்சது அந்தப் பச்சைக் காரு. இன்னிக்கும் நிக்குது பாருங்க, பின் கண்ணாடியில 'மரம் நடுவோம்'னு ஒட்டிக்கிட்டு!"

போன உயிர் பாதி திரும்பி வந்தது அவருக்கு. வெட்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"நம்பரைக் குறிச்சுக்கோங்க மேடம்," என்றார் மெதுவாக.

மேடம் குறிக்கவில்லை. முகத்தில் ஈயாடாமல் நின்றவர், கழுத்திலிருந்த பஸ் பாஸைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். அப்படியே உள்ளே துழாவி எதையோ அழுத்தினார்.

பச்சைக் கார் 'கீக்' என்று கத்தி விளக்கைச் சிமிட்டியது.