நாலு பருக்கை

கபடிக் குழு அறையில் நாலு பேர் இருக்கிறார்கள்: மின்விசிறிக்கு நேர்கீழே தலைவர் சடையப்பன், பெஞ்சில் கேப்டன் தமிழ்செல்வி, மேசையில் செயலாளர் பார்த்திபன், வாசலோர ஸ்டூலில் கம்பெனிச் சீருடையோடு மமதா. ஒடிசாக்காரி, கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கூரை ஓட்டையில் இறங்கும் வெயில், அவள் ஆடி ஜெயித்துத் தந்த கோப்பையின் மேல் நிற்கிறது. "ஸ்டேட் செலக்சனுக்கு நம்மூரு பொண்ணத்தான் அனுப்பணும்னு பேசிக்கினுகீறாங்க. நீ ஒங்க ஸ்டேட்டுக்கு ஆடேன், இன்னா இப்போ?" என்கிறார் சடையப்பன். "அங்க என்னை யாருக்குத் தெரியும் நைனா? இங்க நான் வெளியாளு. அப்போ இந்தியா டீமுக்கு எந்த வழியா போறது, பார்த்திண்ணா?" என்கிறாள் மமதா. தமிழ்செல்வி முழங்கால் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டுகிறாள். பார்த்திபன் தேர்வுக் குழுவுக்கான கடிதத்தில் தேதி, பெறுநர், பொருள் என்று வரிசை தவறாமல் எழுதிக்கொண்டு போகிறான். அவள் பெயரை நீக்கக் கோரும் வரியில் மட்டும் எழுத்து சின்னதாகிவிடுகிறது. கோந்து பாட்டில் காய்ந்து கிடக்கிறது. மமதா டிபன் டப்பாவைத் திறந்து நாலு சோற்றுப் பருக்கையை நீட்டுகிறாள். "இத வச்சி ஒட்டுண்ணா." அவன் நிமிராமல் வாங்கி உறையின் வாயில் தேய்த்து அழுத்துகிறான். சடையப்பன் உறையோடு தபாலாபீசுக்கு வண்டியைக் கிளப்புகிறார். விரலில் ஒட்டிய மிச்சப் பருக்கையைத் துடைக்க மனம் வராமல், பார்த்திபன் கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறான்.