எட்டாயிரத்துக்குக் குறையாது

பழைய சாமான் வாங்க வருகிற எவனும் யோக்கியன் இல்லை என்பது ரிட்டையர்டு கண்டக்டரின் முடிவு. பெண்டாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"இருபதாயிரம் குடுத்து வாங்கின மெஷின். ரெண்டே வருஷம். மக புதுசு அனுப்புறாங்கிறதுக்காக இதை அடிமாட்டு விலைக்குத் தள்ள முடியுமா? எட்டாயிரத்துக்கு ஒரு பைசா குறையாது. நீ குறுக்கே பேசாதே."

வாங்க வந்தவர் ஒரு தையல்காரர். சாது மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் மெஷினை எடுத்து நீட்டினார்.

"சத்தம் கணீர்னு இருக்கும். தாராளமா போட்டுப் பாருங்க."

தையல்காரர் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எட்டாயிரம்" என்றார் கண்டக்டர்.

தையல்காரர் ஏதோ சொன்னார்.

"அதெல்லாம் கட்டாது. போனாப் போகுது, ஏழு."

தையல்காரர் பதறிப்போய் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

சரியான அழுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டார் கண்டக்டர். "சரி, ஆறு. என் வயித்துல அடிக்காதீங்க."

தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிட்டா குறைச்சுடுவேனா? அஞ்சு! இதுக்கு மேல பேரம் பேசினா எழுந்து போயிடுங்க."

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி, தையல்காரரின் காதிலிருந்த மெஷினைப் பிடுங்கிப் புருஷன் காதில் சொருகினாள்.

"அந்த மனுஷன் எட்டாயிரமே தர்றேன் தர்றேன்னு அப்போலேர்ந்து கத்திட்டிருக்காரு! காது மெஷினைக் கழட்டிட்டா உங்களுக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே!"

கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எட்டே குடுங்க!"

தையல்காரர் வெறுங்காதில் கையைக் குவித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, இன்னுமா குறைக்கிறீங்க?"