சராசரி இருபத்திரண்டு

"நூத்துக்கு இருபத்திரண்டு! இதுதான் மேடம் உங்க மூணாம் வகுப்போட சராசரி."

கல்வி அதிகாரி காகிதத்தை மேஜையில் போட்ட வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. தலைமையாசிரியை குனிந்து எடுத்தார். நிமிரத்தான் மனம் வரவில்லை. அந்த மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவதே அவர்தான்.

"முப்பத்தஞ்சு தாண்டாத ஸ்கூலை மூடிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய ஸ்கூலோட சேக்கச் சொல்லி உத்தரவு. இன்னிக்கே நான் கையெழுத்துப் போடணும்."

"லாரி ஓடற ரோடு சார் அது! சின்னக் குழந்தைங்க எப்படித் தாண்டும்? பாதிப் பேரு படிப்பையே நிறுத்திடுவாங்க."

"நான் என்ன பண்ணட்டும்? நம்பர் அப்படிச் சொல்லுதே."

அதிகாரி கெட்டவர் இல்லை. புள்ளிவிவரம் கையில் கிடைத்தால் சோறு தண்ணி மறந்துவிடும், அவ்வளவுதான். இந்த வருஷம் விடைத்தாளை வெளியே அனுப்பித் திருத்தி, பிள்ளைகளைப் பற்றிய சகல விவரத்தையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அவருக்குக் கொண்டாட்டம். கலர் கலராய்க் கோடு போட்ட தாளை விரித்தார்.

"பாருங்க. ஒண்ணாம் வகுப்பு பதினெட்டு, மூணாம் வகுப்பு இருபத்திரண்டு, அஞ்சாம் வகுப்பு இருபத்தொன்பது. வயசு ஏற ஏற மார்க்கும் ஏறுது. அது ஒண்ணுதான் ஆறுதல்."

"சார்..."

"இருங்க. கூலி வேலைக்குப் போறவங்க பிள்ளைங்க இருபது. ஆபீஸ் போறவங்க பிள்ளைங்க இருபத்தாறு. வீட்டு நிலைமை எப்படியோ அப்படியே மார்க்கும்! இன்னொண்ணு, பெரிய லீவு முடிஞ்சு எழுதின பரீட்சையில ஆளுக்கு ரெண்டு குறைஞ்சிருக்கு. அதுவும் கூலிக்காரங்க பிள்ளைங்களுக்குத்தான். லீவுல எல்லாம் மறந்துடுதுங்க."

தலைமையாசிரியை சுண்ணாம்பு படிந்த தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷமாகக் கரும்பலகைக்குத்தான் பாடம் நடத்தினோமா?

"மூணாம் வகுப்புல முப்பத்தஞ்சைத் தாண்டினது ஒரே ஆளு. இருபதாம் நம்பர், முப்பத்தாறு மார்க்."

"பூசணியா? அவ ரெண்டும் ரெண்டும் அஞ்சும்பாளே சார்!"

"கடைசி, ஏழாம் நம்பர். பதினேழு."

"ஏழாம் நம்பர் குருவி. அவளா கடைசி? சார், அவ கணக்குல புலி!"

"புலியா குருவியா, முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

அந்த நேரம் பார்த்துக் கதவிடுக்கில் ஒரு சின்னத் தலை நீண்டது. உடம்பு அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. "டீச்சர், சத்துணவு வந்தாச்சு, சாப்பாட்டு பெல் அடிக்கட்டுமா?"

"இவதான் சார் குருவி. நீங்களே ஒரு கணக்குக் கேளுங்க."

"பதினேழு இருபத்திமூணு எவ்வளவு?"

"முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு. பெல் அடிக்கட்டுமா டீச்சர்?"

அதிகாரி விரல் விட்டுச் சரிபார்த்து முடிப்பதற்குள் குருவி பறந்துவிட்டாள். வெளியே மணி அடித்தது.

"ஒரு கணக்கை வெச்சு முடிவு பண்ண முடியாது மேடம்" என்று அவர் தனித்தாளில் எழுதத் தொடங்கினார். "புது ஸ்கூல்ல இவங்களுக்குத் தனி கிளாஸ் வெக்கச் சொல்றேன். சாப்பாட்டு இடைவேளையைப் பாதியாக்கினா நேரம் கிடைச்சுடும்."

கடைசியில் மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனா இறங்கிய நேரம், வாசலில் ஏதோ சரசரவென்று உராய்ந்தது. மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்றை இரண்டு ஆட்கள் திணறித் திணறி உள்ளே இழுத்து வந்தார்கள். பின்னாலேயே மூச்சு வாங்க ஒரு டாக்டரம்மா.

"மூணாம் வகுப்புப் பிள்ளைங்க எங்கம்மா? சுகாதார ஆபீஸ்லேருந்து வர்றேன். கம்ப்யூட்டரைப் பாத்ததுலேருந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எட்டு வயசுப் பிள்ளைங்க எண்பது கிலோ, எண்பத்தஞ்சு கிலோவாம்! அதுலயும் அந்த ஏழாம் நம்பரு, தொண்ணூத்தெட்டு கிலோ! எழுந்து நடக்குமா அந்தக் குழந்தை?"

ஏழாம் நம்பர் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு தராசை வேடிக்கை பார்த்தாள்.

தலைமையாசிரியை டாக்டரின் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"டாக்டரம்மா, இது எடை இல்லை, மார்க்கு! எடையையும் மார்க்கையும் கட்டம் மாத்தி ஏத்திட்டாங்க! என் பிள்ளைங்க எண்பது, தொண்ணூறு வாங்கியிருக்காங்க!"

அதிகாரி தம் கையிலிருந்த தாளை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். "அப்ப இந்தப் பதினேழு..."

"பதினேழு கிலோவா?" டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். "எட்டு வயசுக்கா?"

அதிகாரி பள்ளியை மூடும் உத்தரவைக் கிழித்துப் போட்டார். பிறகு, 'சாப்பாட்டு இடைவேளையைப் பாதியாக்கவும்' என்று தாம் எழுதியிருந்ததை அடித்துவிட்டு அதற்கு மேலே எழுதினார்: 'லீவு நாளிலும் சாப்பாடு போடவும்.'