மூச்சை அடக்கிய தர்பூசணி

"மூணு பழம். ஒண்ணுல மட்டும் மல்லாட்டை வச்சிருக்கேன், வேர்க்கடலை. எதுலன்னு உன் மிஷினு சொல்லட்டும்."

தெய்வசிகாமணி கோணிப்பையை ஸ்கேன் சென்டர் மேசைமேல் வைத்தார். பைக்குள் தர்பூசணிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

ஸ்கேன் எடுக்கும் சுதாகர் பையைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"ஐயா, இது மனுசங்களுக்கு ஸ்கேன் எடுக்கற மிஷினு."

"தெரியும். என் பொண்டாட்டி கிட்னியில கட்டி இருக்குதுன்னு சொன்னது இதானே?"

அம்சவள்ளி அவருக்குப் பின்னால் நின்றாள். போன வாரம் எடுத்த படம் அவள் கையில் இருந்தது.

"ஒரு வலி இல்ல, ஒரு நோவு இல்ல. நேத்துகூட நாள் பூரா களை எடுத்தேன். கட்டியாம்."

"வலி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான் நல்லதும்மா. இப்பவே எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். தள்ளிப் போட்டா கஷ்டம்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"அத்த வுடு தம்பி," என்றார் தெய்வசிகாமணி. "என் கால் ஒடிஞ்சப்ப எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு தெரிஞ்சுது. சதை பீடிப் புகையாட்டம் இருந்துது. இதுவும் எக்ஸ்ரேதானே? இதுக்கு மட்டும் சதைக்குள்ள இருக்கறது எப்படித் தெரியும்?"

"இது சுத்திச் சுத்தி எடுக்கும். வெட்டாமலே உள்ள இருக்கறதைத் துண்டு துண்டாக் காட்டும்."

"வெட்டாமலே!" அவர் சிரித்தார். "நான் கிளியனூர்ல தர்பூசணி போடறவன். வியாபாரி வருவான். ஒரு தட்டு தட்டுவான். உள்ள வெள்ளை, பழுதும்பான். பழுது சொல்றதுக்குன்னே வர்றவன் எதுல வேணா பழுது சொல்லுவான். இவனுங்களோட எத்தினி வருசமா மல்லுக்கட்டிக்கினு இருக்கேன் தெரியுமா?"

கோணிப்பையைச் சுதாகர் பக்கம் தள்ளினார்.

"சரியாச் சொல்லிட்டா நாளைக்கே பாண்டிச்சேரிக்கு இட்டுக்கினு போய் ஆபரேசனுக்குச் சேத்துடறேன். தப்பாச் சொன்னா இந்தப் படத்தை இங்கியே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிக்கினே இருப்போம்."

"கிழிச்சுடலாம்," என்றாள் அம்சவள்ளி.

டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். சுதாகர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பழங்களை வெளியே எடுத்தான். மூன்றிலும் முக்கோணமாக வெட்டி, வெட்டிய துண்டை அதே இடத்தில் செருகியிருந்தது.

"ஒண்ணுல மட்டும் வெட்டினா கண்ணால பாத்தே சொல்லிடுவியே," என்றார் தெய்வசிகாமணி.

நோயாளியின் விவரம் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது.

"பேரு?"

"தர்பூசணின்னு போடு."

"வயசு?"

"ரெண்டு மாசம்."

"ஆணா, பெண்ணா?"

தெய்வசிகாமணி யோசித்தார். "கொடியில ஆம்பளைப் பூ காய்க்காது. பொம்பளைன்னு போடு."

"கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?"

"முந்தாநேத்து தண்ணி பாய்ச்சினோம்," என்றாள் அம்சவள்ளி.

மூன்று பழங்களையும் வரிசையாகப் படுக்க வைத்து, உருளாமல் இருக்க பெல்ட் போட்டான் சுதாகர். மூவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். படுக்கை மெல்ல வளையத்துக்குள் போனது. மிஷினில் பதிவு செய்திருந்த பெண்குரல் ஒலித்தது.

"மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ளுங்கள்."

பழங்கள் அடக்கிக்கொண்டன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் அடக்கிக்கொண்டார்கள்.

"இப்போது மூச்சை விடலாம்."

விட்டார்கள்.

சுதாகர் திரையில் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தான். சதை தெரிந்தது. விதைகள் தெரிந்தன. முக்கோண வெட்டுகூடக் கோடாகத் தெரிந்தது. மல்லாட்டையைக் காணோம். மறுபடி எடுத்தான். மறுபடியும் காணோம்.

ஏதாவது ஒன்றைக் காட்டிவிடலாமா? அதிர்ஷ்டம் இருந்தால் பலிக்கும். பலித்தால் இந்த அம்மாள் பிழைத்துக்கொள்வாள். அவன் விரல் தானாக நடுப்பழத்தின் படத்துக்குப் போனது.

"அதுவா?" தெய்வசிகாமணி பாய்ந்து வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "அதுலதான் இருக்குதா? சொல்லு தம்பி, ஜல்தியாச் சொல்லு. அதுதானே?"

விரல் திரும்பி வந்தது.

"இல்லீங்க," என்றான் சுதாகர். "எனக்குப் பொய் சொல்ல வரலை. எதுலயும் மல்லாட்டை தெரியல."

அம்சவள்ளி கைதட்டினாள்.

"தோத்துட்டுது! ஒரு மல்லாட்டையக் கண்டுபிடிக்கத் துப்பில்ல, என் கட்டியக் கண்டுபிடிச்சுதாம்!"

படத்தை உறையிலிருந்து உருவிக் கிழிக்கப் பார்த்தாள். கிழியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அப்படியும் கிழியவில்லை.

"கிடக்குது போ. ந்தா, பழத்தை எடுத்துக்கினு வாய்யா. பஸ்ஸு போயிடப் போவுது."

தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சற்று முன் இருந்த வெளிச்சம் முகத்தில் இல்லை. எழுந்து வந்து அவள் கையிலிருந்த படத்தை வாங்கினார். பல் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்து, பதமாக உறைக்குள் போட்டார்.

"தம்பி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில எத்தினி மணிக்குப் போய் சீட்டு போடணும்?"

"யோவ்! உனக்கு இன்னா பைத்தியமா? மிஷினுதான் தோத்துட்டுதே!"

"தோக்கல அம்சா," என்றார் தெய்வசிகாமணி. "நான் எதுலயும் மல்லாட்டை வைக்கல."