கொழும்பு விமானம் ஏன் தாமதம்?

“டிக்கெட் விக்கும்போது பல்லை இளிச்சீரு. இப்போ வாயில என்ன, கொழுக்கட்டையாவே?”

மவுண்ட் ரோடு விமானக் கம்பெனி அலுவலகத்தில் அய்யாதுரை மேஜையைத் தட்டிய தட்டில் மைக்கூடு துள்ளியது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், சிப்பந்திகளை அதட்டியே பழகிய குரல். குமாஸ்தா கோதண்டபாணி அதற்கு எந்த மூலைக்கு?

“மீனம்பாக்கத்துலேர்ந்து போன் வந்தாத்தான் சார் பஸ்ஸை எடுக்க முடியும். லக்கேஜ் வேன் அப்பவே போயிடுத்து. பிளேன் ஏன் லேட்டுன்னு எனக்கே சொல்லலே” என்றார் கோதண்டபாணி.

“சொல்லலையாம். இதெல்லாம் ஒரு கம்பெனி.”

கொழும்பு என்ன லண்டனா? ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். அதற்குக் காலையிலிருந்து பழியாகக் கிடக்க வேண்டியிருக்கிறது. இவன்கள் கழுத்தில் தொங்கும் டைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

சாயங்காலம் கொழும்பில் தங்கை புஷ்பத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் உட்காராமல் தட்டு மாற்ற மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போன பெண். மாப்பிள்ளை வீட்டாரோ சாக்குக் கிடைத்தால் எழுந்து போகிற ரகம்.

புறப்பாட்டில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. நல்ல நேரத்தில் பெட்டியை முதலில் அனுப்பிவிட்டால் ஆள் பின்னால் போகலாம் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். விடியற்காலையிலேயே பெட்டி டிரைவர் பொன்னுரங்கத்தோடு கிளம்பிவிட்டது. ராகுகாலம் கழித்து அவர் கையை வீசிக்கொண்டு வந்தார். கடைசியில் கம்பெனிக்காரன் அல்லவா கழுத்தை அறுத்துவிட்டான்.

மற்ற பயணிகள் பக்கம் திரும்பினார். “காசு குடுத்தவனுக்கு உரிமை இருக்கு. காப்பி கேளுங்க, டிபன் கேளுங்க. சும்மா இருந்தா நம்மள மாடுன்னு நினைச்சிருவான்.”

காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, “கழுநீரு” என்றார்.

“உங்களாட்டம் ஒருத்தர் கேட்டாத்தான் இவங்களுக்கு உறைக்கும்” என்றார் தோல் வியாபாரி மெஹபூப் அலி. அய்யாதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

போன் மணி அடித்தது. கேட்டு முடித்த கோதண்டபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“லக்கேஜ்ல ஒரு பெட்டி கூடுதலா இருந்திருக்கு சார். பேரும் இல்லே, கம்பெனிச் சீட்டும் இல்லே. வெடிகுண்டோன்னு போலீஸ் பிளேனையே நிறுத்திட்டா. இப்போ பெட்டியை இறக்கியாச்சு, எல்லாரும் கிளம்பலாம். அந்தப் பெட்டிக்காரர் மட்டும் இங்கேயே இருக்கணும். போலீஸ் வந்து விசாரிக்கணுமாம்.”

“எந்த முட்டாப்பயவே அவன்?” அய்யாதுரைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “சீட்டு ஒட்டாம பெட்டி ஏத்துதவனெல்லாம் பிளேன்ல போகணும்னு யார் அழுதா? அவனை விட்டுட்டு பஸ்ஸை எடும். ஒருத்தரும் அவனுக்குப் பரிஞ்சு பேசக்கூடாது.”

“சரியாச் சொன்னீங்க” என்று எல்லோரும் எழுந்தார்கள்.

வாசலோரம் நின்றிருந்த பொன்னுரங்கம் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தான்.

“நல்ல நேரம் பூடும்னு ஆபீஸ் தொறக்கறதுக்கு மின்னாடியே வேன்ல வச்சிட்டேன், நம்ம பொட்டிக்கு ஏது மொதலாளி சீட்டு?”